இடதுகாலுக்குப் பதினைந்து

அந்தச் சந்தேகம் ஒரு தேசிக்காயில்தான் தொடங்கியது.

பங்குனி மாதத்துப் பின்னேரம் ஒன்று. முத்துக்குமாரு தோட்டத்துக்கு இறைத்துவிட்டுக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். பக்க அறையின் யன்னல் திறந்திருந்தது. உள்ளே, அறையை வாடகைக்கு எடுத்திருந்த டிலக்ஷி நிலத்தில் முழந்தாளிட்டு இருந்தாள். புளிக்குப் பிழிகிற தேசிக்காய் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கையை விட்டாள். தேசிக்காய் விழுந்து இரண்டு மூன்று தரம் துள்ளி, உருண்டு, சுவரோடு போய் நின்றது. அதை எடுத்து மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் விட்டாள். எதிரே ஒரு கதிரையில் அவளுடைய போன் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. முத்துக்குமாரு எண்ணினார். பதினொரு தரம். பன்னிரண்டாவது தரம் அவள் நிமிர்ந்தாள், அவரைக் கண்டாள், எழுந்து வந்து யன்னலைச் சாத்தினாள்.

ஒளிக்கிறதற்கு ஒன்றும் இல்லாதவள் எதற்காக யன்னலைச் சாத்த வேண்டும்? அன்றைக்குச் சோறு அவருக்கு ருசிக்கவில்லை.

டிலக்ஷி தை மாதம்தான் அந்த அறைக்கு வந்தவள். மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட ஓர் அச்சகத்தில் வேலை. பனர், கலியாணக் காட், சாமத்திய வீட்டு அல்பம், மரண அறிவித்தல் என்று அங்கே வருகிற எல்லாவற்றையும் கணினியில் வடிவமைக்கிறவள் அவள். சொந்த வீடு பருத்தித்துறைப் பக்கம். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வந்து போக முடியாமல் உரும்பிராயில் அறை தேடியவளை, முத்துக்குமாருவின் மனைவி நாகேஸ்வரிதான் கூட்டிவந்து வைத்தாள். பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். வீட்டில் இன்னொரு குரல் கேட்கட்டும் என்றாள். வந்த குரலோ 'ஓம் அன்ரி', 'இல்லை அன்ரி' என்பதற்கு மேல் நீளவில்லை.

அவளுடைய தகப்பன் கடல்தொழில் செய்கிறவர் என்று அறிந்த நாளில் இருந்தே முத்துக்குமாருவுக்கு மனம் ஒப்பவில்லை. கடற்கரைப் பக்கம் மந்திரம் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று தோட்டக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். கடற்கரைக்காரர்கள் அதையே தோட்டக்காரர்களைப் பற்றிச் சொல்வது அவருக்குத் தெரியாது.

நாகேஸ்வரியிடம் கேட்டுப் பார்த்தார். பிள்ளை படம் அசைய வைக்கப் பழகுகிறாள் என்றாள் அவள். அசையாத படம் மட்டும் செய்து கொண்டிருந்தால் இனிச் சரிவராதாம். கோயில்களிலும் கலியாண மண்டபங்களிலும் இப்போது பெரிய திரை வந்துவிட்டதாம். அதனால் ஒவ்வொரு கிழமையும் தனக்கென்று சின்னதாக ஒன்று செய்து பார்க்கிறாளாம். யார் படிப்பிக்கிறார்கள் என்று கேட்டார். ஒருத்தரும் இல்லை, தானாகப் பழகுகிறாள் என்றாள். இது அவருடைய சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. படிப்பு என்றால் ஒரு வகுப்பு இருக்கும், ஒரு சேர் இருப்பார், கடைசியில் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழாவது வரும். ஒருத்தரும் படிப்பிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறது எது என்று அவருக்குத் தெரியும்.

பிறகு அவர் கண்ணில் பட்டவை எல்லாம் அந்த ஒரு பக்கமாகவே போயின. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் விளக்குக் கொளுத்தினாள். விளக்குக்கு முன்னால் சாமிப் படம் இல்லை, போன்தான் இருந்தது. சுடரை வைத்த கண் வாங்காமல் பார்த்து ஒரு கொப்பியில் கோடு கோடாகக் கீறினாள். அடுத்த கிழமை சாம்பிராணி. சாம்பிராணி பிடித்தால் வீடு முழுக்கக் காட்ட வேண்டும். இவள் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் புகை மேலே போவதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். தேசிக்காய், விளக்கு, புகை. இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று யோசித்தபோது அவருக்கு மயிர் சிலிர்த்தது.

சித்திரை பிறந்த கையோடு அவருடைய இடது முழங்கால் நோகத் தொடங்கியது.

நோவை அவர் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. ஆனி மாதம் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் பத்து நாள் திருவிழா. எட்டாம் நாள் வேட்டைத் திருவிழா. குதிரை வாகனத்தில் சாமியை ஏற்றி, காவுகிற ஆட்கள் தோளில் வைத்தபடி வீதியில் ஓடுவார்கள். அந்த வாகனத்தின் இடப்பக்கத்துக் காவுதடியில் முன்னுக்கு நிற்கிற இடம் முப்பத்தொரு வருடமாக முத்துக்குமாருவுடையது. அவருக்குப் பின்னுக்கு நிற்கிறவன் கேதீஸ்வரன். நாற்பத்திரண்டு வயது, அவருடைய உயரம். போன வருடம் வாகனத்தை இறக்கி வைத்த பிறகு அவன் வந்து, "களைப்பெண்டால் சொல்லுங்கோ அண்ணை, நான் முன்னுக்கு நிக்கிறன்" என்று சொன்னான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் அவருக்கு ஒரு வருடமாக முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. முழங்கால் கதை வெளியே போனால் அந்த இடம் போய்விடும். போன இடம் திரும்பி வராது.

இந்த நேரத்தில்தான் கேதீஸ்வரனைத் தன்னுடைய வாசல் படலையடியில் கண்டார். டிலக்ஷியோடு கதைத்துக்கொண்டு நின்றான். போனை நீட்டி அவளுக்கு எதையோ காட்டினான். அவள் தலையை ஆட்டினாள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி, வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த அவரைப் பார்த்தார்கள்.

பத்து நாளில் விளங்கியது, அல்லது விளங்கியது போல இருந்தது. கோயில் வாசலில் திருவிழாப் பனர் கட்டியிருந்தார்கள். போன வருடத்துக் குதிரை வாகனப் படம். முன்னுக்கு முத்துக்குமாரு, தலைப்பாகையோடு. பெருமைப்படுகிற மாதிரித்தான் இருந்தது. ஆனால் சாமி இடப்பக்கம் சரிந்து இருந்தது. அவர் நிற்கிற பக்கம். பனரைச் செய்தது யார் என்று விசாரித்தார். டிலக்ஷி. படத்தைக் கொடுத்தது யார்? கேதீஸ்வரன்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போன பிறகு, பக்க அறையில் மின்குமிழ் எரிகிறதா என்று பார்க்க வேண்டும் போல அவருக்கு இருந்தது. பூட்டின் மற்றத் திறப்பை எடுத்துக்கொண்டு போனார்.

மேசையில் ஒரு காட்போட் மட்டை இருந்தது. மட்டையில் அவர் கிடந்தார்.

சாறமும் தோளில் துவாயுமாக, தோட்டத்து வரம்பில் நடக்கிற அவருடைய படம். அதைத் தடித்த தாளில் அச்சடித்து, துண்டு துண்டாக வெட்டியிருந்தாள். தலை வேறு, உடம்பு வேறு. கை இரண்டு இரண்டு துண்டு, கால் மும்மூன்று துண்டு. துண்டுகளைத் திரும்பப் பொருத்தி, மூட்டுக்கு மூட்டு குண்டூசி குத்தியிருந்தது. தோளில் ஊசி, முழங்கையில் ஊசி, இடுப்பில் ஊசி. இடது முழங்காலில் மட்டும் ஊசியைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தியதில் தாள் அரிதட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஆகியிருந்தது. பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: இடது 15, வலது 19. பதினைந்து தன் நட்சத்திரத்துக்கு ஆகாத எண் என்று அந்த இடத்தில் அவருக்குத் தோன்றியது. அதற்கு முன்னால் அப்படித் தோன்றியதில்லை.

இடது முழங்காலுக்குக் கீழே இருந்த துண்டைக் கழற்றினார். ஊசியோடு சேர்த்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அறையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மின்குமிழைப் பார்க்க மறந்துபோனார்.

உடுவிலில் தேவராசா என்று ஒருவர் நூல் கட்டுகிறவர். முத்துக்குமாரு ஒற்றைக் காலால் சைக்கிள் மிதித்து அவரிடம் போனார். தேவராசா அந்தத் தாள் காலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது வருடமாக எத்தனையோ செய்வினை எடுத்திருக்கிறாராம். முட்டை, தேசிக்காய், மாப்பொம்மை எல்லாம் கண்டிருக்கிறாராம். இவ்வளவு சுத்தமான வெட்டு வேலை கண்டதில்லையாம். கொஞ்சம் மதிப்போடுதான் சொன்னார். முழங்காலுக்குக் கறுப்பு நூல் கட்டிவிட்டு, செய்தவளின் காலடி மண் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். முத்துக்குமாரு வீட்டுக்கு வந்து பார்த்தார். பக்க அறை வாசலில் இருந்து படலை வரைக்கும் சீமெந்து போட்டிருந்தது. போன வருடம் அவரே நின்று போடுவித்தது.

நூல் கட்டி இரண்டு நாள் நோ இல்லை. மூன்றாம் நாள் வந்தது. இன்னும் ஒரு கிழமையில் கொடியேற்றம்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிலக்ஷி குசினிப் பக்கம் வந்து, வீட்டில் எலி இருக்கிறதா அன்ரி என்று மெல்லக் கேட்டாள். தாள் ஒன்றைக் காணவில்லையாம். நாகேஸ்வரி இல்லை என்று சொல்லிவிட்டு உடுப்புத் தோய்க்கப் போனாள். பத்து நிமிடத்தில், சட்டைப் பையில் கிடந்த தாள் துண்டை ஈரக் கையில் பிடித்தபடி விறாந்தைக்கு வந்து முத்துக்குமாருவின் முன்னால் நின்றாள்.

"இஞ்சருங்கோ, இது ஆற்றை கால்?"

அவர் பேப்பரைத் தாழ்த்தவில்லை.

"உங்கடை காலை நீங்களே களவெடுத்து வைச்சிருக்கிறியளோ?"

இனி மறைத்து வேலையில்லை. அவர் சாறத்தை உயர்த்தி நூலைக் காட்டினார். தேசிக்காயில் இருந்து குண்டூசி வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது இன்னும் உறுதியானது. நாகேஸ்வரி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"நோ எப்ப தொடங்கினது?"

"சித்திரையிலை."

"பிள்ளை இந்தப் படத்தை வெட்டினது இந்த மாசம். கத்திரிக்கோல் குடுத்தது நான்."

"அப்ப தேசிக்காய்? அது பங்குனியிலை."

"அதையும் நான்தான் குடுத்தனான்."

ஒரு கணம் முத்துக்குமாரு மனைவியையே ஒரு மாதிரிப் பார்த்தார். நாகேஸ்வரி அதைக் கவனித்தாள். "எழும்புங்கோ" என்றாள். "வாறியள் என்னோடை. அவளிட்டை நேரை கேளுங்கோ."

டிலக்ஷி தாள் காலைக் கண்டதும் எல்லாம் விளங்கி முகம் சிவந்து போனாள். கேட்காமல் படம் எடுத்தது பிழைதான் என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு, வார்த்தை வார்த்தையாக, மிச்சமும் வந்தது. படம் அசைய வைக்கப் பழகுகிறவர்களுக்கு முதலாவது பாடம் ஒரு பந்து துள்ளுவது. அவளிடம் பந்து இல்லை. இரண்டாவது நெருப்பு, மூன்றாவது புகை. நாலாவது, ஒரு ஆள் நடப்பது. அதிலேதான் இரண்டு மாதமாக நிற்கிறாள். எப்படிச் செய்தாலும் அவளுடைய ஆள் கடைக் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மை எழும்பி வந்தது போலத்தான் நடக்கிறான். ஆகவே கணினியில் செய்யமுன், மூட்டு எங்கே மடங்குகிறது என்று கையால் பிடித்துப் பார்க்க நினைத்தாளாம். யன்னலால் பார்த்தால் தெரிகிற ஆள் அவர் ஒருவர்தான்.

லப்டொப்பைத் திருப்பி வைத்தாள். சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் நடந்தது. கண், மூக்கு ஒன்றும் இல்லை, கோடும் வட்டமும்தான். அளந்து வைத்தது போல இரண்டு காலும் ஒரே மாதிரிப் போயின. அது யாராகவும் இருக்கலாம். பிறகு இன்னொன்றைப் போட்டாள். அதே வட்டம், அதே கோடு. இடதுகால் நிலத்தில் பட்டதும் படாததுமாக மேலே எழும்பியது. உடம்பு அவசரப்பட்டு வலதுகாலுக்குத் தாவியது. இடது தோள் ஒவ்வொரு தரமும் ஒரு சொட்டு இறங்கி ஏறியது.

நாகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். அது ஆருடைய நடை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"ஏன் என்னை நொண்ட வைச்சனி?" என்றார் முத்துக்குமாரு.

"நான் வைக்கேல்லை அங்கிள். எண்ணினதை அப்பிடியே போட்டனான்."

ஒரு செக்கனை இருபத்தைந்து படமாகப் பிரித்து, அவர் வரம்பில் நடந்ததை ஒவ்வொரு படமாக எண்ணியிருக்கிறாள். வலதுகால் பத்தொன்பது படத்துக்கு நிலத்தில் நிற்கிறது. இடதுகால் பதினைந்து படம்தான் நிற்கிறது.

"ஆருக்குக் காட்டினனி?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"கேதீஸ்வரனுக்கு?"

"அவர் பனருக்குப் படம் தந்தவர், அவ்வளவுதான்." லப்டொப்பைப் பாதி சாத்தினாள். "அந்தப் படத்தை நான் நிமித்திப் பாத்தனான் அங்கிள். சாமியை நிமித்தினால் கோபுரம் சரியுது. கோபுரத்தை நிமித்தினால் சாமி சரியுது. அதுக்குப் பிறகுதான் உங்கடை நடையைப் பாக்கத் தொடங்கினனான்."

முத்துக்குமாரு தாள் காலை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். நேரே கோயிலுக்குப் போனார். பனருக்கு முன்னால் தலையைச் சரித்தும் நிமிர்த்தியும் பார்த்தார். படத்தில் கோபுரம் நேராக இருந்தது. கோயில் கிணற்றடியில் நிற்கிற லைற்றுத் தூண் நேராக இருந்தது. அப்படியென்றால் சரிந்தது சாமிதான். நொண்டல் போன வருடமே தொடங்கிவிட்டதா? பெண்ணை நம்பலாம், ஆனால் கணினியை எப்படி நம்புவது? பிழையாகவும் எண்ணியிருக்கலாம்.

பின்னேரம் பக்க அறை வாசலில் போய் நின்று, இன்னொரு தரம் எண்ணு என்றார். முற்றத்தில் நடந்து காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு, சட்டைக்குள் தடி வைத்தது போல நிமிர்ந்து நடந்தார். அவள் போனில் பிடித்தாள். உள்ளே போய் எண்ணிவிட்டு வந்து, பதினாறும் பதினெட்டும் என்றாள். பார்த்தாயா, வித்தியாசம் குறைகிறது என்றார் அவர். நாகேஸ்வரி குசினிக்குள் இருந்து, "பல்லுக்கு எத்தினை எண்டும் எண்ணு பிள்ளை" என்றாள்.

மூன்றாவது நாள் அவர் கேட்டது வேறு. "உந்த ஆளின்ரை தோளிலை சாமியை வை. அது உனக்குச் செய்யத் தெரியுமோ?"

தெரியாது, பார்க்கிறேன் என்றாள். மூன்று பின்னேரம் எடுத்தது. வேலையால் வந்து, முகம் கழுவி, உடனே இருந்துவிடுவாள். பாரம் எப்படி இறங்குகிறது என்று ஒரு வாளித் தண்ணீரைத் தடியில் கொழுவி நாகேஸ்வரியும் தானும் தூக்கிப் பார்த்தாள். கொப்பியில் கீறினாள், அழித்தாள். முத்துக்குமாரு இடைக்கிடை போய் எட்டிப் பார்த்தார். கேதீஸ்வரன் பெயர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தார். இல்லை.

கொடியேறி இரண்டாம் நாள் காட்டினாள். முன்பக்கத்தில் இருந்து பார்க்கிற மாதிரி இரண்டு ஆட்கள். ஒருவர் அவர், மற்றவர் இரண்டு காலும் ஒத்த ஆள். இருவர் தோளிலும் குறுக்கே ஒரு தடி. தடிக்கு மேல் ஒரு முக்கோணம், அதுதான் சாமி. நடந்தார்கள். ஒவ்வொரு இடதுகால் அடிக்கும் முக்கோணம் அவர் பக்கம் தலையை ஆட்டியது. ஆட்டம் பெரிதில்லை, மெல்ல ஆமாம் போடுவது போல.

"ஓட விடு" என்றார்.

"அங்கிள்..."

"வேட்டையிலை நடக்கிறேல்லை பிள்ளை. ஓடுறது. ஓட விடு."

ஓட விட்டாள். முக்கோணம் ஒரு அடிக்கு ஒரு அடி கூடுதலாகச் சரிந்தது. ஆறாவது அடியில் தடியின் விளிம்புக்கு வந்தது. அந்த இடத்தில் அவள் விரலை வைத்து நிற்பாட்டிவிட்டாள்.

"ஏன் நிப்பாட்டினனி?"

"மிச்சம் செய்ய எனக்கு இன்னும் தெரியாது."

அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு மாதிரிச் சிரித்தார். இத்தனை நாளாக அவள் சொன்ன உண்மை எதையும் நம்ப முடியாமல் இருந்தது. இந்தப் பொய்யைக் கேட்ட பிறகு மற்ற எல்லாவற்றையும் நம்ப முடிந்தது.

எட்டாம் நாள் பின்னேரம். முத்துக்குமாரு வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் சால்வை சுற்றி, வழக்கம் போலப் போய்த் தன்னுடைய இடத்தில் நின்றார். குதிரை வாகனத்தில் சாமியை ஏற்றிக் கட்டியாயிற்று. மேளம் தொடங்கியது. காவுதடியில் கை வைத்தார். தடி எண்ணெய்ப் பிசுக்கோடு, தெரிந்த சூட்டோடு இருந்தது. பின்னால் திரும்பாமலே சொன்னார்.

"கேதீஸ், முன்னுக்கு வா."

கேதீஸ்வரன் அசையவில்லை. "ஏன் அண்ணை? ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. வா."

கேதீஸ்வரன் அவருடைய முகத்தைப் பார்த்தான், பிறகு குனிந்து காவுதடியை நுனி வரைக்கும் தடவிப் பார்த்தான், வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று. போன வருடம் கேட்டும் கிடைக்காத இடம் இப்படிச் சும்மா வருகிறது என்றால் எங்கேயோ ஒரு சூது இருக்க வேண்டும் என்று அவனுக்குப் பட்டிருக்கும். முத்துக்குமாரு விலகி நின்ற பிறகுதான் முன்னுக்கு வந்தான். பின்னுக்கு வேறொருவர் பிடித்தார். அரோகரா என்ற சத்தத்தோடு வாகனம் எழும்பியது.

மேற்கு வீதி மதிலோரம் டிலக்ஷி போனோடு நின்றாள். முத்துக்குமாரு நடந்து போய் அவளுக்குப் பக்கத்தில் மதிலில் சாய்ந்தார். வேட்டிக்குள் நூல் இன்னும் முழங்காலில்தான் இருந்தது. கழற்ற அவர் நினைக்கவில்லை. தோள் வெறுமையாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டார்.

மூலை திரும்பி வாகனம் ஓடி வந்தது. குதிரை முன்னங்காலைத் தூக்கியபடி, சாமி அதன் மேல் நட்ட தூண் போல நேராக. சனம் விலகியது. நாகேஸ்வரி எங்கேயோ நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பாள். டிலக்ஷி போனைச் சாமிக்கு உயர்த்திப் பிடித்திருந்தாள். முத்துக்குமாரு சாமியைப் பார்க்கவில்லை. கேதீஸ்வரனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உவன்ரை வலதுகாலைப் பார் பிள்ளை" என்றார் மெதுவாக.

"ஏன் அங்கிள்?"

"கெதியாத் தூக்கிறான். எனக்குப் பதினேழுக்கு மேலை தெரியேல்லை. எதுக்கும் நீ எண்ணிப் பார்."

அவள் அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனை மெல்லக் கீழே, ஓடுகிற கால்களுக்கு இறக்கினாள்.